கொட்டிச் செடியைப் பிடுங்கியது யார்

நான் நட்டது எதுவும் வேர் பிடிக்காது என்று ஒருத்தி சொன்னாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. வயது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு வரி எழுதி, வெற்றிலை போட்டு, அதைத் துப்பிவிட்டு வந்துதான் அடுத்த வரி. அவசரம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் ஆறாத கோபம், இதை எழுதி முடிக்கிறதுக்குள் ஆறிவிடாது.

நான் ஊத்தங்கரைப் பக்கம், சிங்காரப்பேட்டைக்கு அருகே கேழ்வரகு விளைகிற ஒரு மேட்டாங்காட்டு ஊரில் பிறந்தவள். ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பதினேழு வயது. வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஓசூர் அப்போது சேலம் ஜில்லா. இன்றைக்குக் கம்பெனி லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் ஏரிக்குக் கீழே நெல் வயல் இருந்தது. முதல் வருஷம் நான் நடவுக்குப் போனபோது பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"கேவுரு விதைக்கிற சீமையில இருந்து வந்திருக்கா. சேத்துல கால வச்சதும் அழுவப் போறா பாருங்கடி."

என் அம்மா ஊரில் ஒரு சின்ன ஏரி இருந்தது, அதன் கீழே நாலு காணி நிலம் இருந்தது, எட்டு வயதிலிருந்து நான் அதில் நாற்று நட்டிருக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. குனிந்தேன். நட்டேன். சாயங்காலம் என் வரிசையைப் பார்த்தார்கள். மறுநாள் யாரும் சிரிக்கவில்லை.

நடவு நாளில் அங்கே ஒரு வழக்கம். வயலின் வடகிழக்கு மூலையில் மஞ்சள் தெளித்து, தேங்காய் உடைத்து, கூட்டத்தில் ஒருத்தியைக் கூப்பிடுவார்கள். மூன்று நான்கு நாற்றைச் சேர்த்துப் பிடித்தால் அது ஒரு குத்து. அந்த முதல் குத்தை அவள் நட்ட பிறகுதான் மற்றவர்கள் வயலில் இறங்குவார்கள். கை நல்ல கை என்று பத்துப் பேர் ஒப்புக்கொண்டவளைத்தான் அதற்குக் கூப்பிடுவார்கள். வந்த இரண்டாவது வருஷமே என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது வருஷமும் நான்தான். எங்கள் தெரு ஊருக்கு வெளியே தனியாக இருந்த தெரு. எங்களை யாரும் எதற்கும் முதலில் கூப்பிடமாட்டார்கள். இந்த ஒன்றுக்குத்தான் கூப்பிட்டார்கள். அதனால் அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஏரிக்கரையை ஒட்டி ஒரு பங்களா. மைசூர்ப் பக்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பெண்சாதியோடு அங்கே இருந்தார். கன்னடக்காரர்கள். எங்களுக்கு அவர் ஐயா, அவள் அம்மா. தமிழும் பேசுவார்கள். பிள்ளை குட்டி இல்லை. நாங்கள் நட்ட வயல் அவர்களுடையதுதான்.

நான்காவது வருஷம் ஆவணி மாதம் ஐயா பெங்களூரிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி கொண்டுவந்தார். இரும்புச் சட்டம் போட்டது, ஒரு ஆள் படுக்கிற நீளம். அதை வராந்தாவில் மேசை மேல் வைத்து, அடியில் ஆற்று மணல் பரப்பி, தண்ணீர் நிரப்பி, நான்கு மீன் விட்டார்கள். செக்கச் சிவந்த மீன்கள். வால் மட்டும் முந்தானை மாதிரி நீளமாகத் தொங்கும். வயிறு உப்பியிருக்கும். பெங்களூரில் யாரோ ஒரு துரை வீட்டில் இப்படித் தொட்டிக்குள் பச்சைச் செடிகள் வளர்ந்ததைப் பார்த்தாராம். தன் தொட்டியிலும் செடி வேண்டும் என்றார்.

அம்மா எனக்கு ஆள் அனுப்பினாள். "நீ நாத்து நடுறவதானே? ஏரியில இருந்து ஏதாவது செடி கொண்டாந்து இதுக்குள்ள நட்டுக் கொடு. பார்க்க லட்சணமா இருக்கணும்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேலம்பாசி பறித்தேன். கொட்டிச் செடியைக் கிழங்கோடு தோண்டினேன். கொட்டிக் கிழங்கை நாங்கள் வேகவைத்துத் தின்போம். அதன் இளம் இலை தண்ணீருக்குள் ஓரம் நெளிந்து, மெல்லிசாக, பார்க்க அழகாக இருக்கும். எல்லாவற்றையும் அலசி எடுத்துக்கொண்டு போனேன்.

வராந்தாவுக்குப் பக்கவாட்டுப் படி வழியாக வரச் சொன்னாள். வளையல் கண்ணாடியில் உரசும், கழற்று என்றாள். புருஷன் உயிரோடு இருக்கிறவள் வளையலைக் கழற்றுவாளா? முழங்கைக்கு மேலே ஏற்றித் துணியால் கட்டிக்கொண்டு கையை விட்டேன். மூன்று விரலில் செடியைப் பிடித்து, கட்டை விரலால் மணலுக்குள் அழுத்தி, இருபது குத்து நட்டேன். வரிசை நூல் பிடித்தது போல இருந்தது. ஐயா வந்து பார்த்து, "பேஷ்" என்றார்.

வெயில் ஏறியிருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். படிக்குக் கீழே போய் நிற்கச் சொல்லி, என் இரண்டு கையையும் குவிக்கச் சொல்லி, மேலேயிருந்து செம்பைச் சாய்த்து ஊற்றினாள். அவள் புருஷன் ஆசைப்பட்டு வாங்கின தொட்டிக்குள் முழங்கை வரைக்கும் போன கை அது. செம்பைத் தொட மட்டும் ஆகாது. அன்றைக்கு இதை நினைக்கத் தோன்றவில்லை. பிறகு நிறைய நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் இருபதில் பாதி தண்ணீர் மேலே மிதக்கிறது.

"என்னம்மா நட்டே? எல்லாம் மேல வந்துடுச்சு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுபடியும் நட்டேன். மறுநாளும் மிதந்தது. இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள். பிடுங்கி எறிந்த மாதிரி, வேரெல்லாம் மேலே. வேலம்பாசியில் தண்டு மட்டும் இருந்தது, இலையைக் காணோம். அழுகி உதிர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன். மீன்கள் என்னைப் பார்த்ததும் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தீனி கேட்கிற வாய். எவ்வளவு சாதுவான முகம்!

ஆழமாக நடு என்று ஐயா சொன்னார். நான் கேட்கவில்லை. ஆழமாக நட்டால் தூர் கட்டாது, நெல்லில் அது எல்லாருக்கும் தெரிந்த பாடம். தொட்டியிலும் அதையே பிடித்துக்கொண்டு மேலாகத்தான் நட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய தப்பு அடுத்துச் செய்தேன். மணலில் என்ன சத்து இருக்கும், சேறு இருந்தால்தானே வேர் பிடிக்கும் என்று, யாரையும் கேட்காமல் ஒரு கூடை ஏரி வண்டலைக் கொண்டுவந்து, பிசைந்து, தொட்டிக்குள் மணல் மேல் பரப்பி, அதில் நட்டுவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் சரியாகச் செய்தோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் தொட்டி முழுக்கச் செம்மண் குட்டை. மீன் எங்கே, செடி எங்கே ஒன்றும் தெரியவில்லை. ஐயா வராந்தாவில் நின்று கத்தினார். "ஏனிது? பரி கெசரு!" வெறும் சேறு என்று அர்த்தம். வண்டல் தானாகக் கலங்காது, யாரோ கலக்கினால்தான் கலங்கும். அப்போதே எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தொட்டியை இறைத்துக் கழுவினேன்.

அன்றைக்குப் பார்த்துத்தான் நடவு நாள் பேச அக்கா வந்தாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சேர்க்கிறவள், எல்லாருக்கும் அவள் அக்காதான். வீட்டில் தெலுங்கு பேசுவாள். பங்களாவின் பின்கட்டில் நின்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் கையில் சேற்றோடு பக்கத்தில் நிற்கிறேன். நான் அங்கே இல்லாத மாதிரி அம்மா சொன்னாள்:

"இந்த வருஷம் முதல் குத்து இவ நட வேண்டாம். பதினைஞ்சு நாளா பார்க்கறேன். இவ கையால வச்சது ஒண்ணுகூட நிக்கல. இந்தக் கையை எப்படி என் வயல்ல முதல்ல வைக்கச் சொல்றது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷம் என் பின்னால் நட்டவள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆவட்டும்மா, உங்க நிலம், உங்க இஷ்டம்" என்றாள்.

அந்த ஒரு பேச்சு ஒரே நாளில் தெரு முழுக்கப் போய்விட்டது. கிணற்றடியில் ஒருத்தி, "உன் கைக்கு என்னாடி ஆச்சு? ராசி போயிடுச்சாமே?" என்று கேட்டாள். இன்னொருத்தி தன் வீட்டுப் பூசணி விதையை நான் ஊன்ற வேண்டாம் என்று வாங்கிக்கொண்டாள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வுடு, யாரு நட்டா என்னா, கூலி ஒண்ணுதானே" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டுவிட்டு நான் சாப்பிடாமல் இருந்தேன், அது அவருக்குத் தெரியவில்லை.

நான் தொட்டியை விடவில்லை. தினமும் போய் நட்டேன். அம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐயா செடி வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். வராந்தாவில் வெயிலுக்கு மூங்கில் தட்டி கட்டித் தொங்கவிட்டிருந்தது. அதன் பின்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு குச்சிக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் நிழல் தெரியாதவரைக்கும் மீன்கள் தீனி கேட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா சுற்றின. அப்புறம் பெரிய மீன் தலையைக் கீழே விட்டது. கொட்டிச் செடியின் அடியில் வாயை வைத்து, மணலை வாய் நிறைய உறிஞ்சி, இரண்டு பக்கமும் துப்பியது. மறுபடி உறிஞ்சியது. வேர் வெளியே தெரிந்தது. இன்னொன்று வந்து அந்த வெள்ளை வேரைக் கடித்து இழுத்தது. செடி ஆடி ஆடி மேலே போனது. மூன்றாவது மீன் வேலம்பாசி இலையை ஒவ்வொன்றாக, கீரை ஆய்கிற மாதிரி, உருவித் தின்றது.

கெண்டை மீன் ஏரியில் செய்கிற வேலை. சேற்றைக் கிளறுகிற ஜாதி. சிவப்பாய் இருந்ததால், பெங்களூரிலிருந்து வந்ததால், அதுவும் கெண்டைக்குச் சொந்தம்தான் என்று எனக்கே தோன்றவில்லை. தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அம்மா எழுந்து வந்ததும் சொன்னேன். "அம்மா, என் கை இல்ல. உங்க மீனுதான் புடுங்குது. வந்து தட்டிக்கு இந்தப் பக்கம் குந்திப் பாருங்க."

அவள் வந்து பார்க்கவில்லை. வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மெல்லப் பேசு. எனக்குத் தெரியும்."

"என்னாம்மா தெரியும்?"

"முதல் வாரமே பார்த்தேன். ஐயாகிட்ட சொல்லிடாதே. செடி இல்லாத தொட்டி எதுக்குன்னு மீனை எல்லாம் பெங்களூருக்கே திருப்பி அனுப்பிடுவார். நோடம்மா, இங்க பாரு, அதுங்க என் கையில வந்து தீனி வாங்கித் தின்னுது. எனக்கு வேற யார் இருக்கா?" பிறகு, "உனக்கு ஒரு சேலை எடுத்து வச்சிருக்கேன். நல்ல சேலைதான், ரெண்டு தரம்தான் கட்டினேன்" என்றாள்.

இதைப் படிக்கிறவர்கள் அவளுக்காகப் பாவப்படலாம். பிள்ளை இல்லாத பெண், பேச்சுத்துணை இல்லாத வீடு. படுங்கள். நான் படவில்லை, இன்றைக்கும் படமாட்டேன். மீன் போய்விடக் கூடாது என்று அவள் பொய் சொல்லியிருந்தால்கூட நான் விட்டிருப்பேன். மணல் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம், தண்ணீர் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். என் கை சரியில்லை என்று சொன்னாள். தெரிந்தே சொன்னாள். அதையும் பின்கட்டில் நின்று, அக்கா காதில் விழும்படி சொன்னாள். வேலைக்காரி கைதானே, போனால் என்ன என்று.

"சேலை வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

மறுநாள் அக்காவை இழுத்துக்கொண்டு போய் மத்தியானத்தில் தட்டிக்குப் பின்னால் உட்காரவைத்தேன். அவளும் பார்த்தாள். "ஏமே! இது கெண்டை மீனாட்டம் கெளறுதே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே வந்ததும், "பாத்தல்ல? நீயே போய் அம்மாகிட்ட சொல்லு அக்கா, முதல் குத்து என்னுதுன்னு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "நான் எப்பிடிடி சொல்றது? நிலம் அவங்களுது. நாளைக்கு வேற கூட்டத்த கூப்புட்டாங்கன்னா இருபது பேருக்கு நடவு போவும். ஒரு வருஷம் பொறுத்துக்கோ புள்ள."

நடவு நாள் வந்தது. அன்றைக்குக் காலையில் வழக்கம் போல முதலில் பங்களாவுக்குப் போனேன். ஆறு கொட்டிச் செடியை, இந்தத் தரம் ஆழமாக, விரல் முழுக்க மணலுக்குள் இறங்கும்படி, நட்டேன். பூசைக்குப் போகிற அவசரத்தில் அம்மா மீனுக்குத் தீனி போடவில்லை. அதையும் பார்த்துக்கொண்டேன். பிறகு எல்லாரும் வயலுக்கு வந்தோம். வராந்தாவையும் வீட்டையும் பூட்டிவிட்டார்கள்.

வடகிழக்கு மூலையில் தேங்காய் உடைத்தார்கள். ஐயா குடை பிடித்து வரப்பில் நின்றார். அம்மா மஞ்சள் தட்டிலிருந்து நாற்றை எடுத்தாள். யாருக்குக் கொடுக்கப் போகிறாள் என்று பார்த்தேன். அக்காவைக் கூப்பிட்டாள். தன் கண்ணால் மீனைப் பார்த்தவள், என்னைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னவள், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது. அதுவரைக்கும் அந்த ஐயாவிடம் நான் நேராகப் பேசியதே இல்லை.

"ஐயா! கொஞ்சம் நில்லுங்க. இன்னிக்குக் காலையில ஆறு செடி தொட்டியில நட்டுட்டு வந்திருக்கறன். வூடு பூட்டிக் கெடக்குது. என் கை இங்க கீது, பாருங்க. இப்பப் போயி, மேச கிட்ட போவாம, தட்டிக்குப் பின்னால நின்னு பாருங்க. புடுங்கறது யாருன்னு தெரியும்."

"ஏய், வாய மூடுடி" என்றாள் அக்கா.

"நல்ல நேரம் போகுது. அவ ஏதோ பேசறா" என்றாள் அம்மா. முகம் வெளுத்துவிட்டது.

ஐயா என்னையே பார்த்தார். பாலம் கட்டின மனுஷன். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர், அளந்து பார்க்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லாதவர். குடையை மடக்கிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். இருபது பெண்கள் முழங்கால் சேற்றில் நாற்றுக் கட்டோடு நின்றோம். "மானத்த வாங்கிட்டியே" என்று அக்கா மட்டும் முணுமுணுத்தாள். யாருடைய மானம் என்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வரப்பு மேல் வேகமாக வந்தார். கையில் ஈரமாக இரண்டு கொட்டிச் செடி. வேரெல்லாம் கடித்துக் குதறியிருந்தது. அதை அம்மாவிடம் நீட்டி, "நினகே கொத்தித்தா?" என்று கேட்டார். உனக்குத் தெரியுமா என்று. அவள் மஞ்சள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் புரிந்துகொண்டார். அக்கா கையிலிருந்த நாற்றைக் காட்டி, "கொடு, அவகிட்டயே கொடு. ஹௌது, அவ சொன்னது சரி" என்றார்.

அக்கா நாற்றை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"ஏன் நிக்கறே? எறங்கு" என்றார் ஐயா.

"அம்மா சொல்லட்டுங்க. சொன்ன வாய்தான் திருப்பிச் சொல்லணும்."

நல்ல நேரம் முடியப் போகிறது. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரியும். மீன் போய்விடும் என்று அழுதாள். "உன் கை மேல குத்தம் இல்ல" என்றாள், தட்டைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

"அக்காவுக்குக் கேக்கலயாம்" என்றேன்.

அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. ஆனாலும் அம்மா தலையைத் தூக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி, இன்னொரு தரம் சொன்னாள். அப்புறம்தான் நாற்றை வாங்கினேன். இறங்கி நட்டேன்.

அடுத்த வாரம் ஐயா மீன்களைப் பித்தளைக் குடத்தில் போட்டுக் காரில் பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். இரக்கம் இல்லாதவள், ஒரு தரம் சொன்னது போதாதா, இருபது பேர் முன்னால் அந்த அம்மாவை இரண்டு தரம் சொல்லவைத்தாளே என்று எங்கள் தெருவிலேயே என்னைப் பேசினார்கள். அக்காவும் பேசினாள். பேசட்டும். எனக்கு இருக்கிற குறை வேறு. அன்றைக்கு வயலில் நின்றவர்களுக்குத்தான் அது கேட்டது. கிணற்றடியில் என்னைக் கேட்டவளும், பூசணி விதையை வாங்கிக்கொண்டவளும் அன்றைக்கு நடவுக்கு வரவில்லை. அம்மாவைத் தெரு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது தரமும் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும்.